வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத இலவசம்: விண்டோஸ் 10 அப்கிரேடு, 2015–16

2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10 மோசமான ஆபரேட்டிங் சிஸ்டம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வு அதன் தரத்தைப் பற்றியது இல்லை. விண்டோஸ் 8-இல் காணாமல் போன ஸ்டார்ட் மெனு அதில் திரும்பி வந்தது. விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் அதுவும் ஓடியது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு முதல் ஒரு வருடம் காசும் கிடையாது.

நல்ல சரக்கு, அதுவும் சும்மா கிடைக்கிறது. அப்படி இருந்தும் விஷயம் கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் வரை போனது. ஜெர்மனியில் ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. கடைசியில் மைக்ரோசாஃப்டின் சந்தைப்படுத்தல் தலைவரே வரம்பு மீறிப் போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டார். கெட்டுப்போனது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இல்லை, அதை வீட்டுக்குள் கொண்டுவந்த விதத்தில். கேள்வி கேட்டார்கள்தான். ஆனால் எந்தப் பதிலைச் சொன்னாலும், பதிலே சொல்லாமல் விட்டாலும், 'சரி' என்று எடுத்துக்கொள்ளும்படி கேட்டார்கள்.

ஏன் இத்தனை அவசரம்

மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே எக்ஸ்பியில் சூடுபட்டிருந்தது. 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 வரை ஆதரவு கொடுக்க வேண்டியிருந்தது. நடுவில் வந்த விஸ்டா மக்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் பலர் எக்ஸ்பியை விட்டு நகரவில்லை. 2009-இல் வந்த விண்டோஸ் 7 எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டுத் திரை முழுக்கக் கட்டங்களை அடுக்கியதும், ஜனங்கள் 7-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த எக்ஸ்பி விண்டோஸ் 7-தான் என்பது கண்ணெதிரே தெரிந்தது. நாலைந்து பதிப்புகளுக்கு ஒரே சமயத்தில் பாதுகாப்புத் திருத்தம் எழுதுவது நிறுவனத்துக்குச் செலவு. மென்பொருள் எழுதுபவர்களும் கூட்டம் எங்கே இருக்கிறதோ அந்தப் பழைய பதிப்புக்குத்தான் எழுதுவார்கள்.

2015 ஜனவரி 21 அன்று நடந்த நிகழ்ச்சியில் இலவசச் சலுகை அறிவிக்கப்பட்டது. அதே மேடையில் தலைமை நிர்வாகி சத்யா நாதெல்லா ஒரு விஷயம் சொன்னார்: விண்டோஸ் தேவை என்பதால் வைத்திருக்கும் நிலையிலிருந்து, அதை விரும்பித் தேர்ந்தெடுக்கும் நிலைக்கும், பிறகு அதை நேசிக்கும் நிலைக்கும் மக்கள் வர வேண்டும். இந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டு பின்னால் வரும் கதையைப் படித்தால் சிரிப்பு வரும். அந்த ஏப்ரலில் மைக்ரோசாஃப்டின் பில்ட் மாநாட்டில் குறிக்கோள் எண்ணாகவே வந்துவிட்டது: இரண்டு மூன்று வருடங்களில் 100 கோடி கருவிகளில் விண்டோஸ் 10. அதன் பிறகு நடந்த ஒவ்வொரு அத்துமீறலுக்கும் பின்னால் இந்த எண் நிற்கிறது என்பது என் கணிப்பு. இத்தனை கோடி என்று வெளியே சொல்லிவிட்ட பிறகு, 'யோசித்துச் சொல்கிறேன்' என்பவர் வாடிக்கையாளராகத் தெரிவதில்லை, குறைகிற கணக்காகத்தான் தெரிகிறார்.

சீனாவின் ஷென்ஜென் நகரில் 2015 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: திருட்டு விண்டோஸ் ஓடும் கணினிகளும் அப்கிரேடு ஆகலாம். கடையில் அசெம்பிள் செய்து, எந்தப் பிரதி என்று கேட்காமலேயே வாங்கிவந்த கணினிகள் நிறைந்த நம் ஊர்களில் இது காதில் தேன் பாய்ந்த சேதி. கொஞ்ச நாளில் விளக்கம் வந்தது. அப்கிரேடு ஆகும், ஆனால் திருட்டுப் பிரதி திருட்டுப் பிரதியாகவே இருக்கும். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

உள்ளே வந்த வழி

விண்டோஸ் 7-க்கு மாதாமாதம் வரும் அப்டேட்களோடு 2015 மார்ச் கடைசியில் கேபி 3035583 என்ற ஒன்றும் வந்து இறங்கியது. பாதுகாப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. அது ஒரு விளம்பரச் செயலி. ஜூன் 1 முதல் கீழ்மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், வெள்ளை நிற விண்டோஸ் சின்னமாகத் தலைகாட்டியது. அழுத்தினால் உங்கள் பிரதியை ரிசர்வ் செய்துகொள்ளுங்கள் என்றது. எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாத ஒரு பொருளுக்கு எதற்கு முன்பதிவு என்று அப்போது பலரும் யோசிக்கவில்லை.

அந்தச் செயலியில் 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு பொத்தான் கிடையாது. சின்னத்தை மறைக்கலாம், செயலி போகாது. விவரம் தெரிந்தவர்கள் அப்டேட் பட்டியலைத் திறந்து, அந்த எண்ணைத் தேடி, நீக்கி, இனிமேல் காட்டாதே என்று மறைத்தும் வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் அதே அப்டேட்டைத் திருத்தித் திருத்தி மறுபடி வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் அது புதிது போலப் பட்டியலில் வந்து உட்கார்ந்தது.

செப்டம்பரில் அடுத்த விஷயம் வெளியே வந்தது. ரிசர்வ் எதுவும் செய்யாதவர்களின் ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு மறைவான ஃபோல்டரில் 3.5 முதல் 6 ஜிபி வரை விண்டோஸ் 10-இன் நிறுவல் கோப்புகள் இறங்கிக் கிடந்தன. அப்கிரேடு செய்ய நினைக்கும் நேரத்தில் தயாராக இருக்கட்டும் என்று செய்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அமெரிக்க நகரத்தில் அளவில்லாத இணைப்பு வைத்திருப்பவருக்கு 6 ஜிபி பெரிய விஷயமில்லை. 2015-இல் நம் ஊரில் நிலைமை வேறு. ஜியோ வந்ததே 2016 செப்டம்பரில்தான். அதுவரை பிராட்பேண்ட் என்றால் மாதத்துக்குச் சில ஜிபி, அது தீர்ந்ததும் வேகம் அதலபாதாளத்துக்குப் போகும். டாங்கிள் வைத்திருந்தவர்கள் ஜிபி கணக்கில் காசு கட்டினார்கள். கேட்காத பொருளை இறக்கிவைத்ததற்கான கூலியைக் கணினிக்காரரே கட்டினார் என்பதுதான் இதன் பொருள். இதன் உச்சம் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில். சின்கோ வனப்பகுதியில் யானை வேட்டைக்காரர்களைத் தடுக்கும் குழுவினர் செயற்கைக்கோள் இணைப்பில், தரவுக்குத் தரவு காசு கட்டி இயங்கிக்கொண்டிருந்தார்கள். 2016 ஜூனில் அவர்களுடைய கணினி ஒன்று தானாகவே விண்டோஸ் 10-ஐ இறக்க ஆரம்பித்த சேதி உலகம் முழுக்கச் சுற்றியது.

அப்டேட்டும் அப்கிரேடும்

2016 பிப்ரவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ஐ 'விருப்பப்பட்டால்' என்ற பட்டியலிலிருந்து 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற பட்டியலுக்கு மாற்றியது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் முழு விவகாரத்தின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது.

விண்டோஸ் 7-இன் அப்டேட் அமைப்பில் ஒரு டிக் உண்டு. முக்கியமான அப்டேட்களைப் போலவே பரிந்துரைக்கப்படுபவற்றையும் எனக்குக் கொடு என்பது அதன் பொருள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அந்த டிக்கை வீட்டுக்காரர் போடவில்லை. கணினி கட்டிக்கொடுத்த கடைப்பையனோ தயாரிப்பு நிறுவனமோ, நிறுவும்போது வரும் 'பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகள்' என்பதை அழுத்தியதில் விழுந்தது அது. வைரஸ் வராமல் இருக்க அப்டேட்டைத் தானியங்கியாக வையுங்கள் என்று பத்து வருடங்களாக எல்லோரும் சொல்லிவந்த புத்திமதியும் அதுதான். பாதுகாப்புத் திருத்தத்துக்காகத் திறந்துவைத்த கதவு அது. அதன் வழியாக ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மாற்றும் அனுமதியை எடுத்துக்கொண்டார்கள். திருத்தம் வேண்டும் என்று சொன்னவர் புது சிஸ்டம் வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே டிக்கில் கட்டியது தொழில்நுட்பத் தேவையால் அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு.

பெரிய நிறுவனங்கள் வாங்கும் எண்டர்பிரைஸ் பதிப்புக்கு இந்த இலவசச் சலுகை கிடையாது. அங்கே அப்டேட்டைக் கட்டுப்படுத்த ஆள் உண்டு, சண்டை போட ஒப்பந்தம் உண்டு. மாட்டிக்கொண்டவர்கள் வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவர்களும் சிறு தொழில் நடத்துபவர்களும்தான். இந்த விவகாரத்தை ஒரு மென்பொருள் வெளியீட்டின் கதையாகப் பார்க்காமல் வீட்டுக் கணினியின் கதையாகப் பார்க்க இதுதான் காரணம்.

எக்ஸ் பொத்தான்

2016 வசந்தத்தில் அந்த அறிவிப்புப் பெட்டி மாறியது. விண்டோஸ் 10 இந்தக் கணினிக்குப் பரிந்துரைக்கப்பட்ட அப்டேட், இன்ன தேதி இன்ன நேரத்தில் அப்கிரேடு நடக்கும் என்று தகவலாகச் சொன்னது. கீழே பெரிதாக இரண்டு பொத்தான்கள்: ஓகே, இப்போதே அப்கிரேடு செய். நேரத்தை மாற்றவும் ரத்து செய்யவும் வழி இருந்தது, வாசகத்துக்கு நடுவே சின்ன எழுத்தில் ஒரு இணைப்பாக. இன்றைக்கு வந்து வெள்ளையடிக்கவா, நாளைக்கு வரவா என்று மட்டும் கேட்டுவிட்டு ஏணியோடு நிற்பவரைப் போல.

இந்தப் பெட்டியின் மூலையில் இருந்த எக்ஸை அழுத்தி மூடினால் என்ன ஆகும்? குறித்த நேரத்தில் அப்கிரேடு நடக்கும். ஓகே அழுத்தினாலும் எக்ஸ் அழுத்தினாலும் ஒன்றுதான், நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கமே சொன்னது.

அவர்கள் தர்க்கத்தையும் நியாயமாகப் பார்த்துவிடலாம். அந்தப் பெட்டி ஒரு கேள்வி இல்லை, ஒரு அறிவிப்பு. அறிவிப்பை மூடினால் அறிவிப்புத்தான் போகும், திட்டமிட்ட வேலை போகாது. கூட்ட அழைப்பு ஒன்று திரையில் வந்து, அதை மூடிவிட்டால் கூட்டம் ரத்தாகிவிடுமா? ஆகாது. வடிவமைப்பாளர் கண்ணில் இது சரியாகவே படும்.

ஆனால் விண்டோஸில் மேல்மூலை எக்ஸ் வந்தது விண்டோஸ் 95-இல். 20 வருடங்கள் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இது எனக்கு வேண்டாம், மூடு. அந்த அர்த்தத்தைக் கற்றுக்கொடுத்ததும் இதே நிறுவனம்தான். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர்களுக்கு நாம் எல்லோரும் சொல்லிவைத்தது என்ன? தெரியாத பெட்டி ஏதாவது வந்தால் எதையும் படித்து அழுத்தாதீர்கள், எக்ஸை அழுத்தி மூடிவிடுங்கள். போலி ஆன்டிவைரஸ் பெட்டிகள் துள்ளித் துள்ளி வந்த காலத்தில் இதைவிட நல்ல அறிவுரை கிடையாது. ஆக, அசட்டையாக இருந்தவர் இதில் சிக்கவில்லை. சொன்னபடி ஜாக்கிரதையாக நடந்தவர்தான் சிக்கினார். வேண்டாம் என்பதற்குக் கைப்பழக்கமாகிப்போன செய்கையைச் சம்மதமாகக் கணக்கெழுதியதை நான் வடிவமைப்புப் பிழை என்று ஏற்கமாட்டேன். 100 கோடி இலக்கு இல்லாமலிருந்தால் அந்தப் பெட்டி முதல் வாரத்திலேயே திருத்தப்பட்டிருக்கும்.

எதிர்ப்பு பெருகியதும் மே கடைசியில் உறுதிசெய்யும் இன்னொரு பெட்டியைச் சேர்த்தார்கள். ஜூன் கடைசியில்தான் மூன்று தெளிவான வழிகளோடு புதுப் பெட்டி வந்தது: இப்போது செய், நேரம் குறி, இலவசச் சலுகையை மறு. எக்ஸும் பழைய அர்த்தத்துக்குத் திரும்பியது. அப்போது சலுகை முடிய ஒரு மாதமே பாக்கி.

கணினிக்குள் நடந்தது

இருக்கும் விண்டோஸ் மேலேயே புதியதைப் போடும் அப்கிரேடில், நிறுவி முதலில் டிரைவர்களையும் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் சிறு மென்பொருள்கள்) மற்ற மென்பொருள்களையும் சோதிக்கும். அப்புறம் கணினியை ரீஸ்டார்ட் செய்து, ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நின்றுகொண்டு, பழைய விண்டோஸை விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டருக்கு நகர்த்தும். புதியதை விரிக்கும். பிறகு டிரைவர், அமைப்புகள், பயனரின் கோப்புகள் எல்லாவற்றையும் அதில் ஒட்டவைக்கும். ரீஸ்டார்ட் பல முறை நடக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் மணிக்கணக்கில் இழுக்கும். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் பொறுக்கலாம். ஆளில்லாமல் ராத்திரியில் நடந்து பாதியில் நின்றால்தான் சிக்கல்.

நிற்பதற்குக் காரணங்கள் இருந்தன. விண்டோஸ் 7 தன்னை நிறுவும்போது 100 எம்பி அளவில் ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கிவைக்கும். சில ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் அதற்குள்ளும் எழுதிவைத்திருக்கும். அங்கே இடமில்லை என்றால் அந்தப் பகுதியைப் புதுப்பிக்க முடியவில்லை என்று அப்கிரேடு கைவிரித்துவிடும். சி டிரைவில் 200 ஜிபி காலியாகக் கிடந்தாலும் பிரயோஜனமில்லை. பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிவி டியூனர் கார்டு போன்றவற்றுக்குத் தயாரித்தவர்கள் புது டிரைவர் எழுதாமல் விட்டிருப்பார்கள். விண்டோஸ் மீடியா சென்டரை விண்டோஸ் 10 நீக்கியே விட்டது. அதை வைத்து டிவி நிகழ்ச்சி பதிந்துவந்த வீடுகளுக்கு அது அப்கிரேடு அல்ல, இறக்கம்தான்.

திரும்பிப் போக வழி இல்லாமலில்லை. 31 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்கே போய்விடலாம். 2016 ஆகஸ்ட் பதிப்புக்குப் பிறகு அது 10 நாட்களாகக் குறைந்தது. இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது: முதல் தடவை விண்டோஸ் 10 திறக்கும்போது வரும் உரிம ஒப்பந்தத்தை மறுத்தால், கணினி தானே பழையதற்குத் திரும்பும். அதற்கு மறுபடியும் அதே நேரம் போகும். மறுத்தால் கணினியே கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து ஏற்றுக்கொள்பவர்தான் அதிகம் இருப்பார்.

வெளியே தெரிந்த இரண்டு சம்பவங்கள்

2016 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெமாயின் நகர டிவி நிலையமான கேசிசிஐ-இல், நேரலையில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தபோது ரேடார் படத்தின் மேலேயே விண்டோஸ் 10 பெட்டி குதித்தது. அறிவிப்பாளர் சிரித்துச் சமாளித்துவிட்டு வேறு படத்துக்கு மாறினார். வீடியோ பரவியது.

மற்றது சிரிப்பதற்கில்லை. கலிஃபோர்னியாவின் சாஸலிட்டோ ஊரில் பயண முகவர் தொழில் நடத்திய ஒரு பெண்ணின் கணினியில், 2015 ஆகஸ்டில், கேட்காமலே அப்கிரேடு ஆரம்பித்துப் பாதியில் தோற்றது. அதன் பிறகு கணினி ஊர்ந்தது, அடிக்கடி நின்றது, நாள்கணக்கில் வேலை கெட்டது. உதவி எண்ணில் பேசியும் தீராததால் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போனார். போன வருமானமும் புதுக் கணினியின் விலையுமாக அவருக்கு 10,000 டாலர் தீர்ப்பானது. அந்த நீதிமன்றம் தனிநபருக்குக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பே அப்போது அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் முதலில் மேல்முறையீடு செய்துவிட்டு, பிறகு கைவிட்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை, மேற்கொண்டு வழக்குச் செலவைத் தவிர்க்கிறோம் என்றது. சிறு வழக்கு நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறு யாருக்கும் முன்னுதாரணமாகாது. இருந்தாலும், இலவசமாகக் கொடுத்த பொருளுக்கும் நஷ்ட ஈடு உண்டு என்று ஒரு நீதிபதி சொன்னது சாதாரணமில்லை.

தடுத்தவர்களும் அதன் விலையும்

இந்த ஒரு அப்கிரேடைத் தடுப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் வந்தன. ஸ்டீவ் கிப்சன் எழுதிய நெவர்10 என்ற சிறு கருவி அவற்றில் பிரபலம். அது தந்திரம் எதுவும் செய்யவில்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்கிரேடைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் தானே வைத்து, தானே ஆவணப்படுத்திய அமைப்புகளை மாற்றியது, அவ்வளவுதான். பூட்டு இருந்தது, சாவி நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டது.

கருவியைப் பற்றித் தெரியாதவர்கள் சுலபமான காரியம் ஒன்று செய்தார்கள். விண்டோஸ் அப்டேட்டையே மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். இந்த முழுக் கதையிலும் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிவது இதுதான். 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஒரு ஓட்டைக்குத் திருத்தம் வெளிவந்தது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்டேட்டை நிறுத்திவைத்த கணினிக்கு அந்தத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? பாதுகாப்புக்கான குழாயில் விளம்பரத்தைக் கலந்தால், குழாயையே மூடிவிடுவார்கள் என்பதை யாரும் முன்கூட்டியே யோசித்ததாகத் தெரியவில்லை.

கணக்கு

எண்ணிக்கை ஏறத்தான் செய்தது. முதல் நாளில் 1.4 கோடி கருவிகள், 2016 ஜனவரித் தொடக்கத்தில் 20 கோடி, மே மாதம் 30 கோடி. ஆனால் 2016 ஜூலையில், 100 கோடியைச் சொன்ன காலத்துக்குள் தொட முடியாது என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. விண்டோஸ் ஃபோன் தொழில் படுத்ததுதான் முக்கியக் காரணம். வீட்டுக் கணினிகளை எவ்வளவு நெருக்கினாலும் ஃபோனில் விழுந்த பள்ளத்தை நிரப்ப முடியாது. அந்த எண்ணைத் தொட்டது 2020 மார்ச்சில்.

சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலா 2016 டிசம்பரில் ஒரு பேட்டியில் எக்ஸ் பொத்தான் விஷயத்தை அவராகவே எடுத்துப் பேசினார். சிவப்பு எக்ஸை அழுத்தியும் ரத்தாகவில்லை என்ற அந்த இரண்டு வாரங்கள் மிகவும் வேதனையானவை, அங்கே எல்லை தாண்டிவிட்டோம் என்றார். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் உறுதிமொழி கொடுத்தது: புது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நிறுவல் கோப்புகளைப் பயனரின் சம்மதமில்லாமல் அவருடைய ஹார்டு டிஸ்க்கில் இனி இறக்கிவைப்பதில்லை. ஒன்றரை வருட வழக்கின் பலன். அதற்குள் சலுகையே முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

2016 ஜூலை 29-க்குப் பிறகு ஹோம் பதிப்பு 119 டாலர் என்றார்கள். கடைசித் தேதி, கடைசித் தேதி என்று அத்தனை நெருக்கியும், பழைய விண்டோஸ் 7 சாவியைக் கொடுத்து விண்டோஸ் 10-ஐ இலவசமாகச் செயல்படுத்தும் வழி 2023 செப்டம்பர் வரை திறந்தேதான் கிடந்தது. அவசரப்படாமல் இருந்தவர் எதையும் இழக்கவில்லை.

இந்த முறை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இம்முறை காட்சி தலைகீழ். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2016-இல் வேண்டாம் என்று சொன்னபோதும் அப்கிரேடு வந்து நின்ற அதே கணினிகளில் பல, இப்போது வேண்டும் என்று கேட்டாலும் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படுகின்றன. 2024 நவம்பரில் விண்டோஸ் 10 கணினிகளில் திரை முழுக்க வந்த அறிவிப்பு, புதுக் கணினி வாங்கச் சொன்னது.

கைவசம் உள்ள வழி கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் காசு கட்ட வேண்டியதில்லை, இல்லையென்றால் 30 டாலர் அல்லது மைக்ரோசாஃப்டின் 1,000 ரிவார்ட்ஸ் பரிசுப் புள்ளிகள். எந்த வழியில் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் மட்டும் நுகர்வோர் அமைப்புகள் குரல் கொடுத்த பிறகு ஒத்திசைவு நிபந்தனையைத் தளர்த்திச் சும்மாவே கொடுக்கிறார்கள். நம் பக்கம் அப்படிக் கேட்ட அமைப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.